ஹீமோலிசிஸ்: சிதைவா, சிதைப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் வெளியேறுவதே ஹீமோலிசிஸ் (hemolysis). நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள் குருதிச்சிதைவு, குருதிப்பகுப்பு, இரத்த முறிவு, சிவப்பணு அழிவு. முதல் மூன்றுக்கும் ஒரே குறை: உடைவது குருதி அன்று, அதில் மிதக்கும் சிவப்பணு. ‘பகுப்பு’ வேதியியலில் ஊன்றிவிட்ட சொல். நீராற்பகுப்பிலும் மின்பகுப்பிலும் ஒரு சேர்மம் பிரிகிறது. இங்கே அணுவின் உறை கிழிந்தோ துளைபட்டோ ஹீமோகுளோபின் வெளியேறுகிறது. ‘முறிவு’ என்றதும் எலும்புதான் நினைவுக்கு வரும். ‘அழிவு’ மிகப் பொதுவானது. சுமார் 120 நாள் வாழ்ந்து முதிர்ந்த அணுவை உடல் நீக்குவதும் அழிவுதான், ஆனால் அது நோயன்று.

ஆகவே ‘சிவப்பணு’வையும் ‘சிதை’ என்ற வேரையும் எடுத்துக்கொள்வோம். இந்த வேருக்குத் தன்வினை, பிறவினை இரண்டும் உண்டு. அணு தானே உடைந்தால் சிதைவு, ஒன்று அதை உடைத்தால் சிதைப்பு. நுண்ணுயிரியலில் பேசப்படுவது பெரும்பாலும் சிதைப்பு, மருத்துவத்தில் சிதைவு. சிவப்பணுவை உடைக்கும் பொருளான ஹீமோலைசினுக்குச் ‘சிவப்பணுச் சிதைப்பி’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து இயல்பாகக் கிடைக்கிறது.

நுண்ணுயிரியலில் இச்சொல் அன்றாடம் புழங்கும் இடம் இரத்த அகார் தட்டு, அதாவது கிருமி வளர்க்க இரத்தம் கலந்து உறையவைத்த கூழ்த் தட்டு. உருக்கிய அகாரை 45 முதல் 50 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிட்டு, 5 விழுக்காடு செம்மறியாட்டு இரத்தத்தைக் குமிழி வராமல் கலந்து ஊற்றுவது வழக்கம். சூடு கூடினால் கிருமி வைப்பதற்கு முன்பே அணுக்கள் உடைந்து தட்டு பழுப்பாகிவிடும். அந்தத் தட்டில் எதையும் படிக்க இயலாது. (சாக்லேட் அகார் என்ற வேறொரு தட்டில் சுமார் 80 டிகிரியில் வேண்டுமென்றே உடைக்கிறார்கள். ஹீமோஃபிலஸ் என்ற கிருமி வளர வேண்டிய ஹீமின், என்ஏடி என்ற பொருள்கள் அணுவுக்குள்ளிருந்து வெளிவர வேண்டும் என்பதற்காக.) கிருமியைத் தீற்றி 35 முதல் 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் வைத்தபின், தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து மட்டும் பார்த்தால் ஆல்பா (பச்சை வளையம்), பீட்டா (முழுத் தெளிவு) என்ற இரு வகைகளும் குழம்பும்.

தட்டில் தெரியும் மாற்றத்தை வைத்து 1919-இல் நுண்ணுயிரியலாளர் பிரவுன் வகுத்த ஆல்பா, பீட்டா, காமா என்ற மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆல்பாவைப் ‘பகுதிச் சிதைப்பு’ என்று எழுதுவதை நான் வன்மையாக மறுக்கிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே என்ற கிருமியைச் சுற்றி வரும் பச்சை வளையத்துக்குக் காரணம், அது வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்வது. அங்கே முதன்மையாக மாறுவது நிறம். ‘பகுதி’ என்று படிக்கும் மாணவர், பீட்டாவே கொஞ்சம் குறைவாக நடந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்வார். ‘ஆல்பாப் பசுமாற்றம்’ என்பது என் பரிந்துரை. காமா என்றால் எதுவும் நடக்கவில்லை என்று பொருள், ஆகவே அது ‘சிதைப்பின்மை’. முழுச் சிதைப்பு பீட்டா ஒன்றுதான். தட்டு கண்ணாடி போலத் தெளியும்.

பீட்டா வகைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸுக்கு இரண்டு சிதைப்பிகள். ஸ்ட்ரெப்டோலைசின் எஸ் காற்றிலும் வேலை செய்யும். ஓ வகை ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும். அதனால்தான் தீற்றும்போது வளையக் கம்பியால், காற்று அதிகம் எட்டாத அகாருக்குள் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிடச் சொல்கிறோம். எஸ் வகை இல்லாத திரிபுகளைக் குத்திய இடத்துத் தெளிவுதான் காட்டிக்கொடுக்கும்.

* * *

முதல் மடல் சொன்ன சிதைவு, சிதைப்பு என்ற பிரிப்பை முழுமனதோடு ஏற்கிறேன். நோயியல் ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து இன்னொரு பிரிப்பும் வேண்டும். அது இல்லாமல் கலைச்சொல் பட்டியல் போனால் நோயாளிக்கே கேடு.

உடலுக்குள் நடக்கும் சிதைவு ஒன்று. இரத்தம் எடுக்கும்போதோ குழாயிலோ நடப்பது வேறொன்று. அறிக்கையில் வெறுமனே ‘சிவப்பணுச் சிதைவு காணப்பட்டது’ என்று எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? இரண்டாவதற்கு ‘மாதிரிச் சிதைவு’ என்ற தனிச்சொல்லை முன்வைக்கிறேன்.

இதன் காரணங்கள் எளியவை: மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுப்பது, தோலில் தடவிய ஆல்கஹால் உலருமுன் குத்துவது, கட்டுப்பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைப்பது, குழாயை மெல்லக் கவிழ்த்துக் கலக்காமல் குலுக்குவது, முழு இரத்தத்தை உறைய விடுவது. இரத்தம் உறைந்தபின் பிரித்த நீர்மமான சீரத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவை எட்டும்போது இளஞ்சிவப்பு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் சீரத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. எனவே மாதிரி சிதைந்தால் பொட்டாசியம் பொய்யாக உயரும். அணுவுக்குள் இருக்கும் எல்டிஹெச், ஏஎஸ்டி என்ற நொதிகளின் அளவும் கூடவே ஏறும். அந்தப் பொட்டாசியத்தை மெய்யென்று நம்பி மருந்து கொடுத்தால் ஆபத்து. மெய்யாகவே தாழ்ந்திருக்கும் பொட்டாசியம் இயல்பு அளவாகத் தெரிந்து ஏமாற்றுவது அதைவிட ஆபத்து, யாருக்கும் ஐயமே எழாது. மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் வழி. கணக்குப் போட்டுத் திருத்தக் கூடாது.

உடலுக்குள் நடப்பதை ‘நாளத்துள் சிதைவு’ (இரத்தக் குழாய்க்குள்), ‘நாளப்புறச் சிதைவு’ (அதற்கு வெளியே) என்று பிரிக்கலாம். ஏபிஓ இரத்த வகை பொருந்தாத இரத்தம் ஏற்றினால் பெரும்பாலும் முதலாவது: சிறுநீர் ஹீமோகுளோபினால் சிவக்கும், வெளியேறிய ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் ஹாப்டோகுளோபின் என்ற புரதம் சட்டென்று வற்றும். சிவப்பணு உருண்டையாகிவிடும் பிறவிக் கோளவணு நோயில் இரண்டாவது: மண்ணீரலின் பெருவிழுங்கணுக்கள் அணுவை விழுங்கிச் சிதைக்கின்றன. இரண்டிலும் மறைமுக பிலிரூபினும் (ஹீமோகுளோபினிலிருந்து வரும் மஞ்சள் நிறப்பொருள்) இளஞ்சிவப்பணு எண்ணிக்கையும் உயரும். இதனால் வரும் சோகைக்குச் ‘சிவப்பணுச் சிதைவுச் சோகை’ என்பது நீளம்தான், ஆனாலும் ‘சிதைவுச் சோகை’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

* * *

மேலே எழுதிய இருவருக்கும் ஒரு மறுப்பு. உப்பு குறைந்த தாழ்செறிவுக் கரைசலில் அணு உப்பி, ஹீமோகுளோபின் கசிந்தபின் உறை பெரும்பாலும் முழுதாகவே எஞ்சும். துண்டு துண்டாவதில்லை. அதற்குச் ‘சிதைவு’ மிகையில்லையா? ‘உடைவு’ போதுமே.

ஊடுபரவல் தாங்குதிறன் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 0.9 விழுக்காடு சோடியம் குளோரைடிலிருந்து படிப்படியாகச் செறிவைக் குறைத்த குழாய்களில் இரத்தத்தை இட்டு, எந்தக் குழாயில் மேல்நீர் சிவக்கிறது என்று பார்க்கிறோம். இயல்பான அணுக்கள் 0.45 முதல் 0.5 வாக்கில் உடையத் தொடங்கி 0.3 வாக்கில் முற்றும் உடையும். கோளவணு அதற்கு முந்தைய குழாயிலேயே உடையும். இந்த விவரிப்பில் ‘உடையும்’ என்பதே நாவில் வருகிறது.

* * *

வினையாக ‘உடையும்’ என்று எழுதத் தடையே இல்லை, நானும் முதல் மடலில் அப்படித்தான் எழுதினேன். பெயர்ச்சொல்லுக்குத்தான் சிக்கல். மண்ணீரலில் விழுங்கப்பட்ட அணு உடைவதோடு நிற்பதில்லை. உறை, ஹீமோகுளோபினின் பகுதிகளான குளோபின், ஹீம் அனைத்தும் பிரித்தெடுக்கப்பட்டு இரும்பு மீண்டும் பயனுக்குப் போகிறது. ‘உடைவு’ அதைத் தாங்காது. ‘சிதைவு’ இரண்டையும் தாங்கும். உள்ளடக்கம் போய் எஞ்சிய உறைக்கு ‘வெற்றுறை’ என்று தனியே பெயர் வைத்துவிட்டால் நீங்கள் சுட்டிய வேறுபாடும் தொலையாது.

அணுக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் ஓட்ட அணுவளவியலில் அம்மோனியம் குளோரைடு ஊற்றி வெள்ளணுவை மட்டும் மிச்சம் வைப்பது பிறவினை, ஆகவே ‘சிதைப்பு’. அந்தக் கரைசல் ‘சிதைப்புக் கரைசல்’.

இலங்கைப் பாடநூல்களில் சிவப்பணு ‘செங்குழியம்’. பட்டியலில் ‘செங்குழியச் சிதைவு’ என்பதையும் இணைச்சொல்லாகப் பக்கத்திலேயே தர வேண்டும். பின்னொட்டு ஒன்றாக இருக்கும்வரை முன்சொல் எதுவானாலும் இரு தரப்பு மாணவர்களும் புரிந்துகொள்வார்கள். வல்லினம் மிகும் இடத்தில் ஒற்றை விட்டுவிடாதீர்கள்: சிவப்பணுச் சிதைவு.