புதுப்பிப்பு: அக்டோபர் கடைசியில் சான் செபாஸ்டியன், போய் வந்தாயிற்று

மழைக்காலத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு வட ஸ்பெயினின் கடற்கரை நகரமான சான் செபாஸ்டியன் போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பக்கத்துப் பெரிய நகரமான பில்பாவோவின் விமான நிலையத்திலிருந்தே சான் செபாஸ்டியனுக்கு நேரடி பஸ் இருக்கிறது, பில்பாவோ நகருக்குள் போகாதீர்கள் என்று ஒருவர் சொன்னதுதான் பெரிய உதவி. சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கிவிட்டோம்.

மழை இருந்தது, ஆனால் பெரும்பாலும் சிரிமிரி என்று அங்கே சொல்கிற பொடித்தூறல்தான், குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு உதவியது. கடல் கொந்தளிப்பாக இருந்த நாளில் நகரின் லா கொன்ச்சா வளைகுடாவின் மேற்கு முனையில் சிற்பி சில்லிடாவின் 'காற்றின் சீப்பு' இரும்புச் சிற்பங்களைப் பார்க்கப் போனோம். அலை மோதும்போது தரையிலுள்ள துளைகள் வழியாகக் காற்றும் நீரும் சீறிக்கொண்டு மேலே வர, அம்மா அங்கிருந்து நகரவே இல்லை. கோடையில் போயிருந்தால் இது கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எதிர்பாராதவை இரண்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள், மாலை சட்டென்று இருட்டிவிடுகிறது, அதனால் இகெல்தோ குன்றின் மேல் ஏறும் மலை ரயிலை மதியத்திலேயே முடித்துவிடுங்கள். அப்புறம், ஆப்பிள் சைடர் (ஆப்பிள் மது) பரிமாறும் உணவகங்களான சைடர் வீடுகளின் சீசன் ஜனவரியில்தான் தொடங்குகிறது. அதற்குப் பதிலாக பழைய நகரத்துப் பின்ச்சோ (சிறு தின்பண்டம்) கடைகளில் இலையுதிர்காலக் காளான் கிடைத்தது, அவ்வளவு ருசி.