கார் ஜன்னல்ல அந்த வெள்ளை முகம்

கதிர்: மாமா, 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'ங்கற பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படத்தைத் தேடினா மூணு ஃபைல் வருது. 75 நிமிஷம், 78, 84. எதை இறக்கறது?

சுந்தர் மாமா: 78 எடுடா. 1962ல தியேட்டருக்கு வந்தது அந்த அளவுதான். 84 நீட்டின பதிப்பு, அதை அப்புறம் பாத்துக்கலாம்.

வசந்தி சித்தி: 75ல எதையும் வெட்டியிருக்க மாட்டாங்க கதிர். ஐரோப்பிய டிவி முறைக்கு மாத்தறப்ப நொடிக்கு 24 ஃப்ரேமை 25ஆ ஓட்டிடுவாங்க. 4 சதவீத வேகம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா இந்தப் படம் பூரா ஆர்கன் இசை. சுருதி ஏறிடும். அடிவயித்துல இறங்கற அந்தக் கீழ் ஸ்தாயி போச்சுன்னா பாதி பயம் போச்சு.

கதிர்: ஒரே படத்தை ஏன் இத்தனை பேர் போட்டிருக்காங்க?

சுந்தர் மாமா: பிரிண்ட்ல காப்புரிமை அறிவிப்பு போடாம விட்டுட்டாங்க. அன்னிக்கு அமெரிக்கச் சட்டத்துல அந்த ஒரு வரி இல்லேன்னா உரிமையே கிடையாது. யார் வேணா காப்பி போட்டு வித்தாங்க. காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்க வெள்ளை வெளுத்துடும், கறுப்பு அப்பிடும். பேய்களுக்கு மேக்கப்பே வெள்ளைப் பூச்சும் கண்ணைச் சுத்திக் கறுப்பும்தான். நாயகியைத் துரத்தற அந்த வெள்ளை முக ஆளோட மூக்கு நிழல் தெரியுதான்னு பாரு. முகம் வெறும் வெள்ளைத் தட்டா இருந்தா அந்த ஃபைலைத் தூக்கிப் போடு.

வசந்தி சித்தி: அந்த ஆள் வேற யாரும் இல்ல, இயக்குநர் ஹெர்க் ஹார்விதான். கான்சாஸ் மாநிலம் லாரன்ஸ்ல கல்விப் படம், தொழிற்சாலைப் படம் எடுத்துட்டிருந்தவர். 3 வாரம் லீவு போட்டு, சுமார் 33,000 டாலர்ல முடிச்சார். கொஞ்ச ஆளுங்களை வெச்சு வேகமா எடுக்கற பழக்கம் அங்க வந்ததுதான். படத்துல வர்ற அந்தப் பெரிய பாழடைஞ்ச மண்டபம் செட் இல்ல, யூட்டாவுல கிரேட் சால்ட் ஏரிக்கரையில கைவிட்டுக் கிடந்த சால்ட்டேர்ங்கற கேளிக்கை மண்டபம்.

கதிர்: கார் ஓட்டறப்ப ஜன்னல்ல அவர் முகம் வருதே, அது எப்படி?

வசந்தி சித்தி: ஜன்னல்கிட்ட முகம் பாக்கற கண்ணாடியைச் சாய்ச்சு வெச்சு, கேமராவுலயே எடுத்தது. காருக்குப் பின்னாடி திரையில ரோட்டுக் காட்சியை ஓட்டற வேலையும் இல்ல. பேட்டரியில ஓடற அரிஃப்ளெக்ஸ் கேமராவைக் கையில பிடிச்சு, ஓடற காருக்குள்ளயே எடுத்தாங்க.

பாலு அண்ணா: நீ செஞ்சு பாக்கணும்னா சாதா ஜன்னல் கண்ணாடி போதும் கதிர், வெளி இருட்டும் முகமும் ஒண்ணா தெரியும். கேமராவுக்கு 45 டிகிரி சாய்வா நிறுத்து. ஆள் பக்கவாட்டுல, ஃப்ரேமுக்கு வெளிய. அவர் பின்னாடி கறுப்புத் துணி, லைட் முகத்துல மட்டும். லைட்டை மெல்ல ஏத்தினா முகம் இருட்டுக்குள்ளேந்து வரும்.

கதிர்: ஃபோகஸ் கண்ணாடி மேலயா?

பாலு அண்ணா: அங்கதான் எல்லாரும் கோட்டை விடறது. கேமராவுலேந்து கண்ணாடி 4 அடி, கண்ணாடியிலேந்து முகம் 3 அடின்னா லென்ஸ்ல 7 அடி வை. பிம்பம் கண்ணாடிக்கு 3 அடி அந்தப் பக்கம் நிக்குது. கண்ணாடி மேலயே வெச்சா தூசி பளிச்சுன்னு இருக்கும், முகம் மங்கிடும். விளிம்பு ரெட்டையா தெரிஞ்சா கண்ணாடி தடி, முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியா பிரதிபலிக்குது. 2 மில்லிமீட்டர்ல மாத்து. அப்புறம், வகிடு இடம் வலமா மாறும். நேர்ல எடுத்த ஷாட்டோட ஒட்டும்போது அதைக் கவனி.

சுந்தர் மாமா: டிவியே நடுவுல ஃப்ரேம் சேர்த்து அசைவை வழவழன்னு ஆக்கற மோஷன் ஸ்மூத்திங்கை அணை, ஷார்ப்னஸ்ஸைக் குறை. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், திரை நிரம்ப ஜூம் பண்ணிடாதே, தலையும் காலும் வெட்டுப்படும்.

வசந்தி சித்தி: இன்னொண்ணு. கடையில நாயகி துணி மாத்திட்டு வெளிய வந்ததும் சத்தம் சுத்தமா நின்னுடும். வால்யூமை ஏத்திடாதீங்க, வேணும்னே பண்ணது. யாரும் அவளைப் பாக்கறதில்ல, அவளுக்கும் எதுவும் கேக்கறதில்ல. பார்க்ல பறவைச் சத்தத்தோட திரும்ப வரும். ஏத்தி வெச்சிருந்தா அது காதைக் கிழிக்கும்.

கதிர்: 78 இறங்கிடுச்சு. மூக்கு நிழல் நல்லாத் தெரியுது மாமா.