மறு: ‘கால அம்பு’ வேண்டாம், ‘காலத்திசை’ போதும்

> ‘கால அம்பு’ என்றே வைத்துக்கொள்வோம். விட்ட அம்பு வில்லுக்குத் திரும்பாது. பொருளும் பொருந்துகிறது.

ஐயா, வணக்கம்.

காலம் எதிர்காலத்தை நோக்கியே போவதைச் சொல்லும் ‘arrow of time’ என்பதற்கு நீங்கள் தரும் ‘கால அம்பு’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்பியலாளர் எடிங்டன் 1927இல் எடின்பரோ சொற்பொழிவுகளில் சொன்ன அம்பு பறக்கிற அம்பு இல்லை. தாளில் ஏதோ ஒரு பக்கமாக ஓர் அம்புக்குறி வரையுங்கள்; அது காட்டும் பக்கம் போகப்போக உலகில் ஒழுங்கின்மை கூடினால் அந்தப் பக்கம்தான் எதிர்காலம் என்றார். அவர் பேசியது திசையைப் பற்றி. வில்லையும் நாணையும் நாம்தான் உள்ளே கொண்டுவருகிறோம்.

குவாண்டம் சோதனைகளுக்கு வரும்போது இந்த வில் பெரிய தொல்லையாகிவிடும். பிரேசிலில் குளோரோஃபார்ம் மூலக்கூறுகளை வைத்துச் செய்து 2019இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். மூலக்கூறில் உள்ள கார்பன்-13 அணுக்கரு ஒன்று, ஹைட்ரஜன் அணுக்கரு ஒன்று. இரண்டின் தற்சுழற்சிகளையும் (spin, அணுக்கருவைச் சிறு காந்தம்போல நடந்துகொள்ள வைக்கும் பண்பு) வெவ்வேறு வெப்பநிலையில் வைக்கிறார்கள். பிறகு சில மில்லிநொடிகள் ஒன்றோடொன்று ஆற்றலைப் பரிமாற விடுகிறார்கள். தொடக்கத்தில் இரண்டுக்கும் இடையே எந்த ஒட்டுறவும் (correlation, ஒன்றின் நிலை மற்றதன் நிலையோடு தொடர்புபட்டிருத்தல்) இல்லையென்றால், சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கு வெப்பம் போகிறது, வழக்கம்போல. முன்கூட்டியே குவாண்டம் ஒட்டுறவை ஏற்படுத்தி வைத்தால், குளிர்ந்ததிலிருந்து சூடானதற்குப் போகிறது! வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை. அந்த ஒட்டுறவுதான் செலவாகிறது. அதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் மொத்த ஒழுங்கின்மை குறையாது என்னும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு ஒரு குறையும் இல்லை.

இதை எழுதும்போது ‘அம்பு திரும்பி வந்தது’ என்றால், நடக்க முடியாதது நடந்துவிட்டதாக வாசகர் நினைப்பார். ‘வெப்ப ஓட்டம் காட்டும் காலத்திசை, தொடக்க நிலையைப் பொறுத்து மாறுகிறது’ என்றால் சோதனை சொன்னது மட்டும் வரும். திசை என்ற சொல் மாறுவதற்கு இடம் தருகிறது, விட்ட அம்பு தராது. எனக்கு இது ஒன்றே போதுமான காரணம். திரும்பாமையைச் சொல்லத்தான் வேண்டுமென்றால், பாடநூல்களில் ‘மீளா நிகழ்வு’ இருக்கிறது. அதிலிருந்து ‘மீளாமை’ என்று எடுத்துக்கொள்ளலாம்.

> சரி, அப்படியானால் ‘காலத்தைப் பின்னோக்கிச் செலுத்திய சோதனை’ என்று செய்திகளில் வருவதை எப்படி எழுதுவது?

அந்தத் தொடரையே விட்டுவிடலாம். இயற்பியலாளர் எர்வின் ஹான் 1950இல் கண்ட தற்சுழற்சி எதிரொலி (spin echo) இதற்கு நல்ல உதாரணம். ஒரு ரேடியோ துடிப்பு கொடுத்ததும் அணுக்கருக்கள் ஒன்றாகச் சுழலத் தொடங்கி, பிறகு ஆளுக்கொரு வேகத்தில் விலகி, அவற்றிலிருந்து வரும் சைகை (signal) மங்கிவிடுகிறது. எல்லாம் கலைந்துவிட்டது என்று தோன்றும். இரண்டாவது துடிப்பு கொடுத்தால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒன்றுகூடுகின்றன, சைகை திரும்ப எழுகிறது. அப்போதும் ஆய்வகக் கடிகாரம் முன்னோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பியது இயக்கம். குவாண்டம் இயக்கவியலில் காலத் திருப்பத்துக்கு 1932இல் கணித வடிவம் கொடுத்த இயற்பியலாளர் விக்னரே ‘இயக்கத்தைத் திருப்புதல்’ என்ற பொருளில்தான் சொல்லியிருக்கிறார். ஆகவே ‘இயக்கத் திருப்பம்’ என்று முன்மொழிகிறேன்.

ஒரு விலக்கு மட்டும். இயற்கை விதிகளின் சமச்சீரைப் பேசும் இடத்தில் ‘காலத் திருப்பச் சமச்சீர்’ (காலத்தின் இரு திசையிலும் விதிகள் ஒரே மாதிரி இருத்தல்) இருக்கட்டும். கலிஃபோர்னியாவின் பாபார் சோதனைக் குழு 2012இல் பி மேசான் என்ற நிலையற்ற துகள்களில் கண்டது இந்தச் சமச்சீரின் மீறலைத்தான். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வீதமும் அதற்கு நேரெதிரான மாற்றத்தின் வீதமும் வேறுபட்டன. அது குளோரோஃபார்ம் சோதனை பேசுகிற காலத்திசையிலிருந்து வேறான விஷயம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள்.

அப்புறம், மேலே ‘ஒட்டுறவு’ என்று எழுதியது புள்ளியியல் பாடநூல்களிலிருந்து எடுத்தது. குவாண்டம் பின்னலுக்கும் (entanglement) பொதுவான ஒட்டுறவுக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டுமா? இயற்பியல் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள்.