மூச்சு வாங்கினா ஹார்ட்டேதானா? மலையில இருக்கறவங்க டெஸ்ட் அனுபவம் சொல்லுங்க

கோத்தகிரிக்காரன்:
அம்மா தேயிலை பறிச்சவங்க. பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்ல. படி ஏறினா மூச்சு வாங்கும், விடியக்காலைல இருமல். "வயசாச்சுல்ல, ஹார்ட்டா இருக்கும்"னு ஆளாளுக்குச் சொன்னாங்க. இசிஜி சரியா இருந்துச்சு. எக்கோல (ஹார்ட் ஸ்கேன்) பம்பிங் 60 சதவீதம், அதுவும் சரி. மூச்சு மட்டும் வாங்கிட்டேதான் இருந்துச்சு.

கடைசியா ஒரு டாக்டரம்மாதான் கேட்டாங்க: "வீட்ல என்ன அடுப்பும்மா?" விறகடுப்பு. குளிருக்குக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டு, கல்யாணமான நாள்லேருந்து ஊதாங்குழலோட கெடந்தவங்க. உடனே ஸ்பைரோமெட்ரிக்கு, அதாவது நுரையீரலுக்கான ஊதற டெஸ்டுக்கு எழுதிக் குடுத்தாங்க.

மூக்குல க்ளிப் போடுவாங்க. குழாயை உதட்டால இறுக்கிப் பிடிச்சு, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வேகமா விடணும். விட்டதோட நிறுத்தாம ஆறு செகண்டாவது ஊதிட்டே இருக்கணும். டெக்னீஷியன் பொண்ணு "விடாதீங்கம்மா, இன்னும், இன்னும்"னு போட்ட சத்தத்துல வெளிய இருந்தவங்க எட்டிப் பாத்தாங்க. அப்படிக் கத்தற ஆளு கிடைச்சா நல்லது. அரைகுறையா ஊதினா ரிப்போர்ட்ட நம்ப முடியாது. ஒரே மாதிரி மூணு ஊதல் கிடைக்கற வரைக்கும் விடமாட்டாங்க. அப்புறம் மருந்து ஸ்ப்ரே அடிச்சு, கால் மணி நேரம் உக்கார வெச்சு, மறுபடி முதல்லேருந்து.

மொத்தமா ஊதின காத்துல முதல் செகண்ட்லயே எவ்வளவு வந்துச்சுன்னுதான் முக்கியமாப் பாக்கறாங்க. மருந்து அடிச்ச பின்னாடியும் 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா மூச்சுக்குழாய் அடைப்பு. அம்மாவுக்கு ஏறவே இல்ல. சிஓபிடின்னு, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்னு சொன்னாங்க. இந்த டெஸ்ட்ட முதல்லயே யாரும் எழுதலங்கற கோபம் எனக்கு இன்னும் இருக்கு.

ஊட்டி குளிரு:
விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு பாக்கற ஆக்ஸிமீட்டர் பத்தி ஒண்ணு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காத்துல ஆக்ஸிஜன் இங்கயும் 21 சதவீதம்தான், ஆனா காத்தழுத்தம் கம்மி. அதனால நல்லா இருக்கறவங்களுக்கே 95 காட்டலாம். சென்னைல இருக்கற என் நாத்தனார் அதுக்கே ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னாங்க! கை ஜில்லுன்னு இருந்தா எண் தப்பா வரலாம். விரலைத் தேய்ச்சு சூடாக்கி, எண் நிலையா நிக்கற வரைக்கும் பாருங்க. நெயில் பாலிஷ், மருதாணி இருக்கற விரல் வேண்டாம். ஆனா உங்க வழக்கமான எண்ணுலேருந்து திடீர்னு இறங்கி, மூச்சும் திணறுச்சுன்னா கையைத் தேய்ச்சுட்டு உக்காராதீங்க, கிளம்பிடுங்க.

குன்னூர் மேட்டுத்தெரு:
எங்கப்பா கதை நேர் எதிர். மார்க்கெட்லேருந்து மேட்டுல ஏறும்போது மட்டும் நெஞ்சு இறுக்கும், நின்னா சரியாயிடும். படுக்க வெச்சு எடுத்த இசிஜி நார்மல். கோயமுத்தூர் கூட்டிட்டுப் போய் டிஎம்டி (ஓடற பெல்ட்ல நடக்க வெச்சு இசிஜி எடுக்கற டெஸ்ட்) பாத்தோம். மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏத்தமும் கூடும். முதல் கட்டத்துல 10 சதவீத ஏத்தம். "இதெல்லாம் ஒரு ஏத்தமாப்பா, எங்க தெருவுக்கு வந்து பாரு"ன்னு டாக்டரையே கிண்டல் பண்ணினாரு. மூணாவது கட்டத்துல பேச்சு நின்னுடுச்சு, இசிஜி கோடும் மாறிடுச்சு. ஆஞ்சியோ பாத்து ஸ்டென்ட் வெச்சாங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சு வலிச்சா டிஎம்டிக்கு நாள் குறிக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

கூடலூர் மருமக:
மாமியாருக்கு அடுத்த வாரம் ஊதற டெஸ்ட். பல் செட்ட கழட்டணுமா? காலைல இன்ஹேலர் அடிக்கலாமா?

கோத்தகிரிக்காரன்:
@கூடலூர் மருமக, செட் ஆடாம இருந்தா போட்டுக்கட்டும். உதடு இறுக்கமாப் பிடிக்கும். ஆடுச்சுன்னா கழட்டிடுங்க. இன்ஹேலர டாக்டர் நிறுத்தச் சொன்னா மட்டும் நிறுத்துங்க, அது மருந்துக்கு மருந்து மாறும். சமீபத்துல கண் ஆபரேஷனோ ஹார்ட் அட்டாக்கோ ஆகியிருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. அழுத்தி ஊதறது அப்போ ஆகாது, தேதிய தள்ளிப் போடுவாங்க.