புதுப்பிப்பு: முன்கதவு ஸ்பீக்கர் மாற்றியாகிவிட்டது

என் காரின் முன்கதவுகளுக்கு 6.5 அங்குலத்தில் ட்வீட்டர் (மேல்சுருதிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) நடுவிலேயே பதிந்து வரும் கோஆக்சியல் வாங்குவதா, அது தனியாக வரும் காம்போனென்ட் வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. காம்போனென்ட் பொருத்திவிட்டேன்.

கடையில் காட்சிப் பலகையில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டு முடிவெடுக்காதே என்று ஒருவர் எச்சரித்தது நூற்றுக்கு நூறு உண்மை. அங்கே கணீரென்று ஒலித்த ஒரு ஜோடியைக் கடைக்காரர் கதவில் தற்காலிகமாக மாட்டிக் காட்டினார், காதைக் குத்தியது. கார்க் கண்ணாடிகள் மேல்சுருதிகளைத் திருப்பி அடிக்கின்றன. அதனால் சற்று மென்மையாக ஒலிக்கும், பட்டுத் துணிக் குவிமாடம் கொண்ட ட்வீட்டரையே எடுத்தேன். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாததால் உணர்திறனையும் (ஒரே வாட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்பதை) பார்த்தேன்: 3 டெசிபல் கூடுதல் என்றால் பாதி வாட்டிலேயே அதே சத்தம் கிடைக்கும்.

பெரிய மாற்றம் வந்தது கதவிலிருந்துதான். உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி அவை வழியே வந்து முன்பக்க பாஸை (தாழ்சுருதி ஒலியை) தின்றுவிடும். பியூட்டைல் தாள் (அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற ஒட்டுத்தாள்) ஒட்டி, உருளையால் அழுத்தி அடைத்தோம். முன்பு தட்டினால் தகரமாக அதிர்ந்த கதவு இப்போது ‘டொக்’ என்கிறது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி முழுசாக வருகிறது; நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் டயர் இரைச்சல் அதை இன்னும் மூடுகிறது.

வலப்பக்க ஸ்பீக்கர் ஓட்டுநருக்கு அருகில் இருக்கிறது. ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. கடக்கும் என்ற கணக்கில் அதைச் சற்றுத் தாமதப்படுத்தியதும் பாடகர் குரல் டாஷ்போர்டின் நடுவிலிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. பின்கதவு ஸ்பீக்கர்களைத் தொடவில்லை.