போர்டை மாத்திட்டா கடை மாறிடுமா?

மண்டோர்பேரன்: நேத்து லயத்துக்காரன் இங்க எழுதினதைப் படிச்சதிலிருந்து எரிச்சல் அடங்கல. "பிரான்சைஸ் ஒப்பந்தம் முடிஞ்சா நம்ம கடை, நம்ம இஷ்டம், எவனும் கேக்க முடியாது"ன்னு சட்டம் பேசுறார். பிரான்சைஸ்னா ஒரு கம்பெனியோட பேரையும் முறையையும் ஒப்பந்தம் போட்டு வாங்கிக் கடை நடத்துறது. நம்ம பேராக் சுங்கை சிப்புட் டவுன்ல இருக்கிற பொரிச்ச கோழிக் கடையைத்தான் சொல்றார், தெரியாதா? அண்ணன் கம்பெனி பேருல நடத்தின ஒப்பந்தம் முடிஞ்சு, இப்ப லைசென்ஸ் அவர் மனைவி பேருல. போர்டு மட்டும் புதுசு. பழைய எழுத்தைக் கழட்டின ஆணி ஓட்டை சுவர்ல வரிசையா நிக்குது. அதே ஆரஞ்சு நாற்காலி, அதே சாஸ் பாட்டில், மூடி நிறம்கூட மாறல. மலேசியாவோட 1998 பிரான்சைஸ் சட்டம் 27-வது பிரிவைப் படிச்சிட்டு வாங்க. பிரான்சைஸ் எடுத்தவர் ஒப்பந்த காலத்திலயும் அது முடிஞ்சு 2 வருசத்துக்கும் அதே மாதிரி வியாபாரம் செய்யமாட்டேன்னு எழுத்துல உத்தரவாதம் கொடுக்கணும். மீறினா குற்றம். லைசென்சை மனைவி பேருக்கு மாத்தினாலும் தப்பிக்க முடியாது.

லயத்துக்காரன்: சட்டமேதைக்கு வணக்கம். 1950 ஒப்பந்தச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 28-வது பிரிவு. ஒருத்தன் தொழில் செய்யறதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. 1964-ல கோத்தா பாரு வக்கீல் ஒருத்தர் வழக்கு வந்துச்சு. 5 மைலுக்குள்ள 2 வருசம் தொழில் செய்யக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருந்தாங்க. செல்லாதுன்னு தீர்ப்பு. அதுவும் இதே 2 வருசம்தான், கவனிச்சீங்களா?

மண்டோர்பேரன்: வக்கீல் ஆபீஸ் என்ன பிரான்சைஸா? 28 எல்லாருக்கும் பொது. 27, பாராளுமன்றம் பிரான்சைஸுக்குன்னே பிறகு போட்டது. அந்த உத்தரவாதத்தைக் கொடுக்கச் சொல்றதே சட்டம்தான். கம்பெனி ஈப்போ ஹைகோர்ட்டுல தடையுத்தரவு வாங்கினா அடுப்பு அணைஞ்சிடும். மறுபடியும் சொல்றேன், மனைவியும் சேர்த்தி.

லயத்துக்காரன்: எங்க சேர்த்தி? பிரான்சைஸ் எடுத்தவர், அப்புறம் இயக்குநர்கள், இயக்குநர்களோட கணவன் மனைவி, நெருங்கிய குடும்பம், வேலையாட்கள். இதானே 27-வது பிரிவு? அண்ணன் நடத்தினது வெறும் எண்டர்பிரைஸ், அதாவது சொந்தப் பேருல பதிஞ்ச கடை. இயக்குநர்கள் இருக்கிற செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனி கிடையாது. இயக்குநரே இல்லாத கடையில இயக்குநர் மனைவி எங்கேருந்து வந்தாங்க?

தாமான்தங்கை: எனக்கு ஒரு சந்தேகம். "அதே மாதிரி வியாபாரம்"னா எது? அக்கா இப்ப மத்தியானம் சோறு கறியும் போடறாங்க. கோழி விக்காத சாப்பாட்டுக் கடை இந்த டவுன்ல இருக்கா?

மண்டோர்பேரன்: தங்கச்சி, முதல்ல மனைவி விசயத்தை முடிச்சிக்குவோம்.

ஈப்போகிராணி: அதெல்லாம் இருக்கட்டும், அதே பிரான்சைஸ் சட்டத்து 32-வது பிரிவை யாரும் தொடக் காணோம். புதுப்பிக்க மறுத்தது கம்பெனிதான்னு கேள்வி. வேற பேருல அதே இடத்துல நடத்தவும் கூடாதுன்னு கட்டிப்போட்டா, வியாபார மதிப்பு குறைஞ்சதுக்கு ஈடு கொடுத்தாகணும். புதுப்பிக்கப் போறதில்லன்னு 6 மாசத்துக்கு முன்னாடி எழுத்துல சொல்லலன்னாலும் அப்படித்தான். கொடுக்கலன்னா குற்றம் கம்பெனி மேல.

மண்டோர்பேரன்: கிராணி அண்ணே, ஈடு வேணும்னா கேக்கட்டும், யார் வேணாம்னா? ஈடு வரலன்னா மனைவி பேருல லைசென்ஸ் எடுத்துக்கோன்னு 32-ல எழுதியிருக்கா? இல்ல. நான் கேட்டதுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லமாட்டேங்கிறீங்க.

லயத்துக்காரன்: பதில் சொல்லியாச்சு, கண்ணாடி போட்டுப் படிங்க. உங்களுக்கு ஏன் இவ்ளோ காந்துது? அதே பிரான்சைஸுக்கு உங்க மச்சான் மனு போட்டிருக்காராமே, டவுனே பேசுது.

மண்டோர்பேரன்: என் மச்சானை இழுக்காதீங்க. அவன் சொந்தக் காசுல, முறையா, கடன் வாங்காம போடறான். தைப்பூசத் தண்ணிப் பந்தல் கணக்கை இன்னும் காட்டாதவங்க எனக்கு நியாயம் சொல்ல வர்றாங்க.

லயத்துக்காரன்: கணக்கு கோயில் பலகையில ஒட்டியிருக்கு. கோயிலுக்கு வந்தாத்தானே தெரியும்.

மண்டோர்பேரன்: பந்தலுக்கு 40 தாம்பு கயிறுன்னு எழுதின கணக்கா? நல்லா ஒட்டினீங்க.

ரோட்டிசானாய்: கோழி இப்ப எப்படி இருக்குன்னு யாராவது சொல்லுங்கப்பா. அதுக்குத்தான் வந்தேன்.

தாமான்தங்கை: உப்பு கொஞ்சம் தூக்கல். என் கேள்வி அப்படியே கிடக்கு.

மண்டோர்பேரன்: சரி, எண்டர்பிரைஸ்னே வச்சிக்குவோம். அந்தக்கா பழைய கடையிலயும் கல்லாவுலதானே உக்காந்திருந்தாங்க? நானே என் கையால காசு கொடுத்திருக்கேன். கல்லாவுல உக்காந்தா வேலையாள். வேலையாளும் 27-ல இருக்கு, நீங்களே இப்பதான் எழுதினீங்க. எப்படிப் பார்த்தாலும் மனைவி சேர்த்தி!

லயத்துக்காரன்: புருசன் கடையில கூடமாட உதவி செஞ்சா வேலையாளா? சம்பளச் சீட்டு இருக்கா? ஈ.பி.எஃப்., அதான் ஊழியர் சேமநிதி, கட்டினாங்களா?

மண்டோர்பேரன்: ஈ.பி.எஃப். கட்டாதது வேற குற்றம். அதையும் சேர்த்துப் போடச் சொல்றேன்.

லயத்துக்காரன்: போடுங்க. அப்படியே உங்க மச்சான் பட்டறையில இருக்கிற 3 பேருக்கு ஈ.பி.எஃப். போகுதான்னும் விசாரிச்சிட்டு வாங்க.

மண்டோர்பேரன்: மறுபடியும் மச்சானா? வர்றேன், சாயங்காலம் உக்காந்து ஒவ்வொண்ணா எழுதறேன்.