வெளியில் உட்கார்ந்து அக்ரிலிக்கில் வயல்வெளி வரையும்போது பெயின்ட் காய்வதும் பச்சை இருண்டு போவதும்

வரப்போரம் எழுதியது:

புகைப்படத்தைப் பார்த்து வீட்டுக்குள் வரைந்து பழகியவன் நான். இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், வயல், மரங்கள், தூரத்து மலை எல்லாவற்றையும் நேரில் பார்த்து வரைகிறேன். நேரில் பார்ப்பதில் இருக்கிற சந்தோஷம் புகைப்படத்தில் கிடையாது, அதை விடுவதாக இல்லை. ஆனால் வானத்துக்குக் கலந்து வைத்த நீலம், மரத்தை ஒரு சுற்று வரைந்துவிட்டுத் திரும்புவதற்குள் பேலட்டில் தோல் கட்டிவிடுகிறது. தண்ணீர் விட்டால் சாயம்போல நீர்த்துப்போய்த் திட்டுத் திட்டாக உட்காருகிறது. அடுத்தது பச்சை. அங்கே இருக்கும்போது பளிச்சென்று தெரிகிற படம் வீட்டுக்கு வந்து பார்த்தால் மொத்தமும் ஒரே கரும்பச்சையாக இருக்கிறது. எண்ணெய் வண்ணத்துக்கு மாறு என்று மட்டும் சொல்லாதீர்கள், டர்பன்டைன் வாசனையும் ஈரக் கேன்வாஸைச் சுமந்து வருவதும் எனக்கு ஒத்துவராது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஈரத்துணி எழுதியது:

முதலில் பேலட்டை மாற்றுங்கள். மூடி போட்ட தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே நனைத்த ஸ்பாஞ்ச் துணி அல்லது மடித்த டிஷ்யூ, அதன்மேல் பட்டர் பேப்பர். பெயின்ட்டை அந்தப் பேப்பர்மேல் வையுங்கள். அடியிலிருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும், மூடி வைத்தால் மறுநாளும் அதே கலவையை எடுத்துப் போடலாம். மெழுகுத்தாள் வேண்டாம், அது ஈரத்தை மேலே விடாது. தண்ணீர் தேங்கும் அளவுக்கு நனைத்துவிடாதீர்கள், பெயின்ட் ஓட ஆரம்பித்துவிடும்.

வெயிலைவிடக் காற்றுதான் சீக்கிரம் காயவைக்கிறது என்பது என் அனுபவம். அதனால் காற்று வரும் பக்கத்தில் பெட்டி மூடியைத் தடுப்பாக நிறுத்தி, பேலட்டை அதன் மறைவில் வைப்பேன். ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலால் அவ்வப்போது பனிபோல் தெளித்தால் போதும். நீர்க்க வேண்டும் என்றால் தண்ணீருக்குப் பதில் மீடியம் (நிறமி சேர்க்காத அக்ரிலிக் பசை) சேருங்கள், பசைச்சத்து குறையாது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் போடலாம், ஆனால் பாட்டிலில் சொன்ன அளவைத் தாண்டினால் மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். வானம் மட்டும் மெதுவாகக் காய வேண்டும் என்றால் கோல்டன் கம்பெனியின் ஓப்பன் மாதிரி தாமதமாகக் காயும் வகையில் நீலமும் வெள்ளையும் மட்டும் வாங்கினால் போதும்.

மதியநிழல் எழுதியது:

பேலட் விஷயத்தில் ஈரத்துணி சொன்னது சரி. கேன்வாஸில் பெயின்ட்டை ஈரமாகவே வைத்திருக்கப் போராடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சீக்கிரம் காய்வதுதான் வெளியில் அக்ரிலிக்கின் பெரிய பலம். அடியில் போட்டது சில நிமிஷத்தில் காய்ந்துவிடுவதால் அதே இடத்தில் உட்கார்ந்தபடியே மேலே மேலே அடுக்கலாம், கீழே இருப்பது கலங்காது. எண்ணெயில் இதற்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். வெள்ளைக் கேன்வாஸோடு போவதில்லை, முன்னாடியே பர்ன்ட் சியன்னாவும் யெல்லோ ஆக்கரும் கலந்து மெல்லிசாகப் பூசிக் காயவைத்து எடுத்துப் போவேன். பச்சைக்கு நடுவே அந்தச் செம்மண் நிறம் அங்கங்கே எட்டிப்பார்த்தால் படமே உயிர்பெறும். அங்கே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்றே தொனியில் முழுப் பரப்பையும் மூடிவிடுவேன். புல், இலை என்று எதையும் தனியாகப் பார்ப்பதில்லை. நிழல்களின் வடிவத்தை அந்த ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும், இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் சூரியன் நகர்ந்து எல்லா நிழலும் இடம் மாறிவிடும், அதைத் துரத்திக்கொண்டே திருத்தினால் காலையும் மதியமும் ஒரே படத்தில் வந்து நிற்கும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91இல் வைக்கோல் போர்களை வரைந்தபோது வெளிச்சம் மாற மாற வேறு வேறு கேன்வாஸை எடுத்துக்கொண்டார். நமக்கும் வழி அதுதான்: நேரம் தாண்டினால் நிறுத்திவிட்டு, வானிலை ஒத்திருக்கும் இன்னொரு நாள் அதே நேரத்துக்குப் போங்கள்.

மென்மையான விளிம்பு வேண்டிய இடத்தில், காய்ந்த பெயின்ட்மேல் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் மேகமும் தூரத்து மரவரிசையும் அழகாகக் கரையும்.

பச்சையம் எழுதியது:

பச்சை பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்குப் பிடித்த விஷயம் அது. வீட்டுக்கு வந்ததும் இருண்டு தெரிவதற்குக் காரணம் இரண்டு. அக்ரிலிக்கில் நிறமியைப் பிடித்து ஒட்டவைக்கும் பசையான பைண்டர் ஈரத்தில் பால்போல வெளுத்திருக்கும், காயும்போது தெளிந்துவிடும், அதனால் நிறம் ஒரு படி இருட்டாகும். ஓரத்தில் ஒரு துண்டு அட்டையில் தடவிக் காயவிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இன்னொன்று, கேன்வாஸ்மேல் நேர் வெயில் அடித்தால் எல்லாமே வெளிச்சமாகத் தெரியும், நீங்களும் அதற்கேற்ப இருட்டாகக் கலந்துவிடுவீர்கள்.

டியூபில் வரும் பச்சையை அப்படியே போடாதீர்கள். அல்ட்ராமரைன் நீலம், லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, வெள்ளை, இந்த ஐந்தில் எத்தனையோ பச்சை வரும். பச்சை கூச்சலிட்டால் ஒரு துளி சியன்னா சேர்த்தால் அடங்கிவிடும். தாலோ நீலம் வேண்டுமானால் ஊசிமுனை அளவு போதும், அது மற்றதையெல்லாம் விழுங்கிவிடும்.

எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு நான் நம்பும் வழி இது: வானம்தான் விளக்கு, படுத்திருக்கிற தரை அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதால் அடுத்த வெளிச்சம் தரைக்கு, சரிவான மலைக்கும் கூரைக்கும் அதைவிடக் குறைவு, நிமிர்ந்து நிற்கிற மரத்துக்குத்தான் மிகக் குறைவு. வயலும் மரமும் பச்சைதான், ஆனால் வயலை மரத்தைவிட நன்றாக வெளுத்துப் போட்டாலே நீங்கள் சொன்ன ஒரே கரும்பச்சை உடைந்துவிடும். தூரம் போகப் போக மஞ்சளைக் குறைத்து நீலமும் வெள்ளையும் கூட்டுங்கள், இருட்டு வெளிச்ச வித்தியாசத்தையும் குறையுங்கள், மலை தானாகப் பின்னால் போகும்.

வரப்போரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தரைக்கும் மரத்துக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை நான் யோசித்ததே இல்லை, அடுத்த தடவை அதை வைத்துத்தான் ஆரம்பிக்கப் போகிறேன். ஒரு சந்தேகம்: கேன்வாஸை நிழலில் வைத்துவிட்டு பேலட் வெயிலில் இருந்தால் பரவாயில்லையா? அப்புறம், குளிர்ந்த அதிகாலையில் வரையலாமா?

பச்சையம் எழுதியது:

இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கலக்கும்போது ஒரு நிறம், போட்டதும் இன்னொரு நிறம். குடை கட்டுவதாக இருந்தால் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் கட்டுங்கள், வண்ணக் குடை அதன் நிறத்தைப் படத்தின்மேல் வீசும். குளிரைப் பொறுத்தவரை சுமார் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அக்ரிலிக் சரியாகப் படலம் கட்டாது, பின்னால் வெடிக்கவோ உதிரவோ வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் தாராளமாக வரையலாம்.

ஈரத்துணி எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. பிரஷ் கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ வயலிலோ ஊற்றாதீர்கள், அதில் இருப்பது பிளாஸ்டிக்கும் நிறமிகளும். மூடியுள்ள பாட்டிலில் திரும்பக் கொண்டு வந்து, வண்டல் அடியில் படிந்தபின் தெளிந்ததை மட்டும் சாக்கடையில் விட்டு, கசடைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். பிரஷ்ஷையும் அங்கேயே துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள்.